அணைக்கட்டுக்கு மேலே ஒரு மடவைக் குஞ்சு

எத்தியோப்பியா
9 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை டார்லினுக்கு,

அண்ணன் பர்னபாஸ் எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் அதே போலச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மொட்டைமாடிக்குத் துணி காயப்போட அவளை ஏற விடாதே.

போனில் பேசாமல் மின்னஞ்சலில் ஏன் இப்படி நீட்டி எழுதுகிறான் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். என் குரல் பாளையங்கோட்டையில் உங்கள் தெரு முழுக்கக் கேட்கிறது. இது கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டிய செய்தி.

நீ ஆராய்ச்சி செய்கிற பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஒருவர் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்திருக்கிறாராம். அதற்கு வெளிநாட்டுத் தேர்வாளராக இருக்க எனக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். தாமிரபரணியில் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மீன்கள் எப்படித் திரும்பி வந்தன என்பதுதான் பொருள். கைடு உன் மகாராஜன் சார்தான். எழுதியவர் பெயர் செந்தூர்பாண்டி. இதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது. நீயும் ஆற்று மீனில்தான் வேலை செய்கிறாய், மீன் வயிற்றில் என்ன இரை கிடக்கிறது என்று பார்ப்பதுதானே உன் தலைப்பு? அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. என்னை எங்கே போய்க் கண்டுபிடித்தார்கள்? உலகத்தில் மீன் படித்தவர்கள் எத்தனையோ பேர் பெரிய இடங்களில் இருக்கிறார்கள். நான் ஒரு ஏரிக்கரை ஊரில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளையின் இதயம் வரைந்துகாட்டிக்கொண்டிருப்பவன். உன் சாரிடம் நீ என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா?

இங்கே காலண்டரில் இன்னும் 2017தான் நடக்கிறது. காலை ஏழு மணியை ஒரு மணி என்கிறார்கள். மூன்று வருஷம் ஆகியும் எனக்குப் பழகவில்லை.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்,
பர்னபாஸ்

*

பாளையங்கோட்டை
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

டார்லின் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். முழங்காலுக்கு வைத்தியர் கொடுத்த எண்ணெயைப் பூசுகிறாள். மாடிக்கு ஏறாதே என்றால் கேட்பதில்லை. எதிர்வீட்டுச் சேவலோடு அவளுக்குத் தினமும் சண்டை. அது நம் வாசலில்தான் கூவ வேண்டுமென்று சத்தியம் செய்திருக்கிறது.

புன்னைக்காயலுக்குப் போயிருந்தேன். அப்பா கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. முகத்துவாரத்தில் மணல் மறுபடியும் மேடு கட்டிவிட்டது. வள்ளங்கள் சுற்றிப் போகின்றன. வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

தேர்வாளர் விஷயம் நல்லதுதானே. ஒத்துக்கொள். உன் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம். என் ஆய்வேடு நடக்கிறது. சாருக்குத்தான் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

குளிருக்கு நல்ல போர்வை வாங்கிக்கொள். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

தங்கை,
டார்லின்

*

எத்தியோப்பியா
16 மார்ச் 2025

அன்புள்ள டார்லின்,

நான் நலம். அம்மாவும் நீயும் தவக்காலத்தில் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கேயும் நோன்புதான். எங்கே பார்த்தாலும் பருப்பும் இஞ்சிராவும். இஞ்சிரா என்றால் நன்றாகப் புளித்த தோசை என்று வைத்துக்கொள்.

ஆய்வேடு வந்துவிட்டது, படித்தும் விட்டேன். டார்லின், அது நன்றாக இருக்கிறது. சும்மா சொல்லவில்லை. ஐந்தாம் அதிகாரத்தைத் தொடங்கினேன், அடுப்பில் வைத்த பால் பொங்கி அணைந்ததுகூடத் தெரியவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலிருந்து கடல் வரைக்கும் மாதா மாதம் ஆற்றில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். வெள்ளத்தில் எந்த மீன் போனது, எது முதலில் வந்தது, எது வரவே இல்லை என்று எல்லாம் இருக்கிறது. வாழைத்தோட்டங்களிலிருந்து இறங்கிய சேற்றில் எது பிழைத்தது என்று ஒரு பகுதி. எழுதியவர் தண்ணீரில் நின்று பார்த்திருக்கிறார் என்பது வரிக்கு வரி தெரிகிறது.

ஆனால் முதல் மூன்று அதிகாரங்கள் அப்படி இல்லை. வாய்க்குள் நுழையாத வாக்கியங்கள், எங்கெங்கோ இருந்து எடுத்து ஒட்டியவை. ஒரே குழம்பை இரண்டு பேர் வைத்த மாதிரி இருக்கிறது. இது எப்படி நடக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

எனக்கு இந்த வகைச் சந்தேகம் புதிது இல்லை. இங்கே போன மாதம் என் வகுப்பில் பாதிப் பேர் ஒரே கட்டுரையை, ஒரே எழுத்துப் பிழையோடு கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலில் இருக்கிற அச்சுக்கடையில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுக்கிறார்களாம். கணக்குத் துறையில் மேலப்பாளையத்துக்காரர் ஃபர்ஹத் என்று ஒருவர் இருக்கிறார், இங்கே எனக்கு வாய்த்த ஒரே நெல்லைக்காரர். அவர் இதற்கு முன் மூன்று நாடுகளில் பாடம் நடத்தியவர். "ஊருக்கு ஊரு சட்டைதான் வே வேற, உள்ள இருக்க ஆளு ஒண்ணுதான்" என்கிறார்.

அந்தச் செந்தூர்பாண்டியை உனக்குத் தெரியுமா? எப்படிப்பட்டவர்? ஆற்றில் இறங்கி வேலை செய்தவர் யார் என்று ஒரு பார்வை பார்க்க ஆசையாக இருக்கிறது. படங்கள் தனிக் கோப்பில் இருக்கின்றன. கனமான கோப்பு, இங்கே இறங்க மாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு முத்தங்கள். பதில் போடு.

அண்ணன்,
பர்னபாஸ்

*

பாளையங்கோட்டை
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. நானும் அம்மாவும் சுகம். ராத்திரிப் பூசைக்கு அம்மா முழு நேரமும் நின்றாள். இன்றைக்குக் கால் வீங்கிக் கிடக்கிறது. ஆட்டுக்கறி வைத்தோம். உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்து, பிறகு அவளே சாப்பிட்டாள்.

செந்தூர்பாண்டி ஒரு தனியார் கல்லூரியில் துணை முதல்வர். தாளாளர் மகளைக் கட்டியிருக்கிறார். நல்ல மனிதர். எல்லாரிடமும் சிரித்துத்தான் பேசுவார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

சேற்றில் பிழைத்த மீன் பற்றி எழுதியிருந்தாய். அது சேறு என்பதால் மட்டும் இல்லை அண்ணே. வாழை சாய்ந்து தண்டுகள் ஆற்றோரம் அழுகிக் கிடந்தன. அந்தத் தண்டுக்குள் புழு வைத்தது. கெளுத்திக் குஞ்சுகள் அந்தப் புழுவுக்காகத்தான் ஒதுங்கின. தண்டைத் தூக்கினால் கொத்தாக இருக்கும், கையில் முள் குத்தும். ஆய்வேட்டில் அதைச் சுருக்கமாகத்தான் எழுத முடிந்திருக்கும்.

படங்களை எல்லாம் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன். எழுத்தைப் பார்த்தே மதிப்பீட்டை அனுப்பிவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
டார்லின்

*

எத்தியோப்பியா
4 மே 2025

அன்புள்ள டார்லின்,

சுகம். அங்கேயும் சுகம்தானே.

படங்கள் இறங்கிவிட்டன. நீ பார்க்க வேண்டாம் என்று எழுதியதால், ஃபர்ஹத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து எப்படியாவது இறக்கியே தீருவது என்று இறக்கினேன்.

படம் 5.7. அணைக்கட்டுக்கு மேலே பிடித்த ஒரு மடவை மீன் குஞ்சு. பக்கத்தில் அளவுகோல். அளவுகோலை ஒரு கட்டைவிரல் பிடித்திருக்கிறது. நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது.

சின்ன வயதில் வள்ளத்துக்கும் கரைக்கல்லுக்கும் நடுவில் சிக்கி நசுங்கின நகம் எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அப்பா, பின்னாலேயே ஓடியது நான்.

அது யார் விரல் டார்லின்?

அண்ணன்,
பர்னபாஸ்

*

எத்தியோப்பியா
8 ஜூன் 2025

அன்புள்ள டார்லின்,

நான் நலம். உன் கடிதம் வரவில்லை. போனில் பேசும்போது மழை வந்ததையும் சேவல் செத்ததையும் சொன்னாய். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் நானும் கேட்கவில்லை.

உன் மகாராஜன் சார் எனக்கு நேரடியாகவே எழுதிவிட்டார். தேர்வாளருக்குக் கைடு எழுதக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. "டார்லின் எனக்கு மகள் மாதிரி. அவள் ஆய்வேடும் விரைவில் முடிந்துவிடும். இதை நீங்கள் காலம் தாழ்த்தாமல் அனுப்பினால் எல்லாருக்கும் நல்லது" என்று எழுதியிருக்கிறார். ரொம்ப மரியாதையான கடிதம்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பிப்ரவரியில் உன்னிடம் கேட்டேன். அதற்கு நீ பதில் சொல்லவே இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மதிப்பீட்டை இன்னும் அனுப்பவில்லை. இங்கே அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை. வினாத்தாள் வெளியே போய்விடும் என்று பயந்து இணையத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அதற்குள் எழுது. நான் கோபமாக இல்லை. என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன்,
பர்னபாஸ்

*

பாளையங்கோட்டை
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

விரல் என்னுடையதுதான். ஆற்றில் இறங்கியதும் நான்தான். வெள்ளம் வடிந்த மாதத்திலிருந்து பத்து மாதத்துக்கு மேல் போனேன். நான்காம் அதிகாரமும் ஐந்தும் ஆறும் நான் எழுதியவை. என் ஆய்வேட்டுக்காக எழுதியவை; முடித்துவிட்டுக் காட்டலாம் என்று அப்போது உன்னிடம் தலைப்பைச் சொல்லாமல் இருந்தேன்.

போன ஆண்டு கடைசியில் சார் அவற்றைப் பார்க்கத் தரச் சொன்னார். கொடுத்தேன். பிறகு ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் எல்லாம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, உனக்கென்ன வயசா ஆயிட்டு? செந்தூர்பாண்டிக்கு பிரின்சிபால் நாற்காலி காத்துக்கிட்டு இருக்கு. பட்டம் இல்லாம உக்கார முடியாது. இது அவருக்குப் போவட்டும். நீ மீன் வயித்துல என்ன இருக்குன்னு பாரு, அது சீக்கிரம் முடியும்."

"அப்ப நான் செஞ்சது சார்?" என்று கேட்டேன்.

"ஆறு உனக்கு மட்டுமா ஓடுது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் கையெழுத்து இல்லாமல் நான் எதையும் சமர்ப்பிக்க முடியாது அண்ணே. எங்கள் துறையில் ஒருத்தி எதிர்த்துப் பேசினாள். அவள் இப்போது தென்காசியில் ஒரு துணிக்கடையில் இருக்கிறாள்.

பிறகு, உன் அண்ணன் வெளிநாட்டில் பேராசிரியர்தானே, பெயரும் விலாசமும் தா என்றார். தந்தேன். தம்முடைய மாணவியின் அண்ணன் எதற்கும் ஒத்துக்கொள்வான் என்று அவர் நினைத்தார். நான் ஏன் தந்தேன் என்று பல தடவை யோசித்துப் பார்த்தேன். பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. அண்ணன் படித்தால் கண்டுபிடிப்பானா என்று பார்க்க எனக்குள்ளே ஒரு ஆசையும் இருந்தது. யாராவது ஒருவர் அதைப் படித்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. நீ மார்ச்சில் எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று உனக்குத் தெரியாது.

இப்போது உன்னிடம் கேட்கிறேன். அதற்குத் தேர்ச்சி போட்டு அனுப்பிவிடு. நீ நிராகரித்தால், நான்தான் உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று சாருக்குத் தெரிந்துவிடும். அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

தங்கை,
டார்லின்

*

எத்தியோப்பியா
27 ஜூலை 2025

அன்புள்ள டார்லின்,

நான் சுகம். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? இணையம் இப்போதுதான் ஒழுங்காக வந்தது. அதனால்தான் தாமதம். ஒரு பக்கம் அது நல்லதாகப் போயிற்று, யோசிக்க நேரம் கிடைத்தது.

ஊர் பெயரோ உன் பெயரோ சொல்லாமல் ஃபர்ஹத்திடம் கேட்டேன். அவர் காப்பிக்கொட்டை வறுபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உம்ம கையில இருக்கது உம்ம கையெழுத்து மட்டுந்தான் வே. அவளோட வாய் உம்ம கையில இல்ல" என்றார். ஆள் கணக்கு வாத்தியார், சரியாகத்தான் பிரிக்கிறார்.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியவில்லை. உன் வேலைக்கு இன்னொருவர் பெயரில் நான் தேர்ச்சி போட்டால் அதன் பிறகு உன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. நீ கேட்காததையும் செய்யவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் எழுதினேன்: இந்த நெறியாளரிடம் என் தங்கை ஆராய்ச்சி செய்கிறாள், ஆகவே நான் தேர்வாளராக இருப்பது முறை அல்ல. அது உண்மையும்கூட. முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மீதியைச் சொல்வதா வேண்டாமா என்பது உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் நான் வாய் திறக்க மாட்டேன்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

அண்ணன்,
பர்னபாஸ்

*

பாளையங்கோட்டை
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலம். அம்மா உனக்கு நெத்திலிக் கருவாடு அனுப்ப யாராவது வருகிறார்களா என்று விசாரிக்கிறாள்.

நீ விலகியதில் எதுவும் நின்றுவிடவில்லை. "உங்கண்ணன் கூச்சப்படுதாரு போல" என்று சார் சொன்னார். வேறொரு நாட்டில் வேறொருவரைப் பிடித்தார்கள். இரண்டே வாரத்தில் மதிப்பீடு வந்துவிட்டது. இரண்டு பத்தி, எந்த மீனின் பெயரும் இல்லை. மிகச் சிறந்த ஆய்வாம். அடுத்த மாதம் வைவா.

இன்னொரு விஷயம். நீ திட்டுவாய். செந்தூர்பாண்டி இப்போது வாரம் இரண்டு நாள் நம் வீட்டுக்கு வருகிறார். வைவாவுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு. வைவா முடிந்த அன்றைக்கே என் தாளில் கையெழுத்துப் போடுவாராம். துறையில் உடன் வேலை பார்ப்பவர் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அவருக்கு டீ போட்டு முறுக்கும் வைக்கிறாள். "நல்ல பிள்ளையா இருக்கான்" என்று சர்டிபிகேட் வேறு.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு, "நான் கேக்கல, எல்லாம் மாமனாரும் சாரும் பேசி வச்சது" என்றார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டு, அடுத்த முறை வரும்போது ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார். நல்ல ஞாபகசக்தி. ஏன் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வேலையைப் பற்றி நான் வாய் நிறையப் பேசுவது அவரிடம்தான். எந்தப் படித்துறையில் எந்த மீன், எப்படிக் கிடைத்தது என்று சொல்லத் தொடங்கினால் எனக்கு நேரம் போவது தெரிவதில்லை. அவர் போன பிறகுதான், யாருக்கு இதைச் சொன்னேன் என்று ஞாபகம் வரும். கை கழுவிவிட்டு அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பேன்.

தங்கை,
டார்லின்

*

பாளையங்கோட்டை
21 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ போன கடிதத்துக்குப் பதில் போடவில்லை. கோபம் என்று தெரியும். இருந்தாலும் இதை முழுக்கப் படி.

புதன்கிழமை வைவா நடந்தது. வைவா எல்லாருக்கும் பொது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், இணையத்திலும் பார்க்கலாம். அரங்கு நிறைந்திருந்தது. தாளாளர் முன்வரிசையில் பட்டு வேட்டியோடு. பின்னால் சாப்பாட்டுப் பந்தி தயார், பிரியாணி வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மெலிந்த ஆள். நான் கடைசி வரிசையில் ஆராய்ச்சி மாணவிகளோடு இருந்தேன். கைதட்ட ஆள் வேண்டும் என்று எங்களை எல்லாம் வரச் சொல்லியிருந்தார்கள்.

செந்தூர்பாண்டி நன்றாகப் பேசினார். நான் சொன்ன வரிசையிலேயே சொன்னார். வாழைத்தண்டைத் தூக்கினால் கெளுத்தி கொத்தாக இருக்கும், கையில் முள் குத்தும் என்றார். முள் குத்திய கையைக் காட்டுவது போலக் கையைக்கூட விரித்தார். தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. எனக்குக் கேட்கக் கேட்க விசித்திரமாக இருந்தது. என் குரல் இன்னொரு உடம்பிலிருந்து வருகிற மாதிரி.

கடைசியில், அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். அது சம்பிரதாயம். யாரும் கேட்பதில்லை. அப்போது திரையில் அந்த மடவைக் குஞ்சின் படம் நின்றது.

நான் எழுந்தேன். அண்ணே, மாட்டிவிட வேண்டும் என்று எழுந்திருக்கவில்லை. மாதா சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மீனைப் பார்த்ததும் ஒரு வருஷமாக என்னை அரிக்கிற கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

"மடவை கடல்ல முட்டை போடுற மீனு. வெள்ளத்தப்ப அணைக்கட்டு முழுகினதால பெரிய மீனு மேல ஏறியிருக்கும், சரி. ஆனா இது விரல் நீளக் குஞ்சு. வெள்ளம் போயி அடுத்த கோடையில பிடிச்சது. அப்ப அணைக்கட்டுக்கு மேல தண்ணி வழியல. இது எப்படி மேல வந்துச்சு?"

செந்தூர்பாண்டி என்னைப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. வகுப்பில் ஒரு பாடத்தை டீச்சர் நடத்தாமல் விட்டுவிட்டால் பிள்ளை பார்க்குமே, அப்படி.

"அத நீங்க சொல்லித் தரலியே" என்றார்.

மைக் அவர் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது.

மகாராஜன் சார் எழுந்து, பதற்றத்தில் ஏதோ சொல்கிறார், சாப்பிடப் போகலாம் என்றார். தேர்வாளர் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "கேள்வி நல்லா இருக்கு. நீயே பதில் சொல்லு" என்றார்.

"எனக்கும் தெரியாது சார். அதான் கேட்டேன்" என்றேன்.

தேர்வாளர் திரைப்பக்கம் திரும்பினார். பிறகு, "அளவுகோலைப் பிடிச்சிருக்கது யாரு?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

வைவா தள்ளிவைக்கப்பட்டது. பிரியாணியை யாரும் வீணாக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். பிறகு, "ஏ புள்ள, அவனுக்கா நான் முறுக்கு வச்சேன்?" என்று கேட்டாள்.

தங்கை,
டார்லின்

*

எத்தியோப்பியா
24 செப்டம்பர் 2025

அன்புள்ள டார்லின்,

சுகம். நீயும் அம்மாவும் தைரியமாக இருங்கள்.

பதில் போடாததற்குக் காரணம், என்ன எழுதினாலும் திட்டாகத்தான் வந்தது. எழுதி எழுதி அழித்தேன்.

வைவாவை ஃபர்ஹத்தும் நானும் கணினியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கடைசி வரிசையில் ஒரு தலை எழுந்தது, அது நீதான் என்று தெரிந்தது. அந்த நொடியில் படம் உறைந்துவிட்டது. நீ வாயைத் திறந்தபடி நின்றாய், நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் கடிதம் வரும் வரைக்கும் நீ என்ன கேட்டாய் என்று எங்களுக்குத் தெரியாது. ஃபர்ஹத் தினமும் வந்து, "என்ன வே, வாய மூடிட்டாளா?" என்று விசாரித்தார். உன்னிடம் கேட்காமல் உன் பெயரை அவரிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

அந்தக் குஞ்சைப் பற்றி நானும் மண்டையை உடைக்கிறேன். மதகு இடுக்கு வழியாகவா? யாராவது கண்மாயில் விட வாங்கிய குஞ்சில் கலந்து வந்ததா? நீர்க்காகம் கவ்வி மேலே போட்டதா? எதுவும் சரியாகப் பொருந்தவில்லை.

இனி என்ன செய்வார்கள்? எதுவானாலும் உடனே எழுது.

அண்ணன்,
பர்னபாஸ்

*

பாளையங்கோட்டை
16 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அம்மாவுக்குச் சளி, மற்றபடி நலம். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

விசாரணைக் குழு வைத்தார்கள். எங்கள் கட்டிலுக்கு அடியில் மீன் போட்டு வைத்த பாட்டில்கள் இருந்தன. எதை வைத்து உங்களுடையது என்கிறீர்கள் என்று குழு கேட்டதும், அம்மாவும் நானும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மேசை முழுக்க அடுக்கினோம். பார்மலின் வாடையில் குழுத் தலைவர் ஜன்னலைத் திறந்தார். இதெல்லாம் உங்கள் வேலை என்றால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். யாரிடம் சார் சொல்வது என்று திருப்பிக் கேட்டேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

முடிவு இதுதான். அந்த ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டது. வேலை என்னுடையது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தகராறில் சிக்கியது என்பதால் இன்னும் ஒரு வருஷம் புதிதாக ஆற்றில் பார்த்து, அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். என் புதிய கைடு ஸமீஹா மேடம். கண்டிப்பானவர், அத்தியாயத்தைக் கொடுத்தால் மறுநாளே சிவப்புக் கோடு போட்டுத் தருகிறார். மகாராஜன் சாருக்கு எச்சரிக்கைக் கடிதம். அடுத்த ஆண்டு ஓய்வு. நடைபாதையில் பார்த்தால், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்கிறார். நல்லா இருக்கேன் சார் என்கிறேன். தாளாளர் பட்டம் உள்ள வேறொருவரை முதல்வராக்கிவிட்டார். அவர் பட்டம் எங்கே வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வருஷம் போய்விட்டதே என்று முதலில் அழுதேன். போன சனிக்கிழமை முதல் தடவையாக மறுபடியும் ஸ்ரீவைகுண்டம் போனேன். மதகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது கரையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. செந்தூர்பாண்டி. என்னைத் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்டை முழங்கால் வரை மடக்கினார்.

"மதகுப் பலகைக்கு அடியில ஒரு இடுக்கு இருக்காம், அது வழியா குஞ்சு ஏறுமாம். இங்கன மீன் பிடிக்கவங்ககிட்ட விசாரிச்சேன்" என்றார்.

வாங்க பார்ப்போம் என்றேன். பாசி வழுக்கியது, பைய இறங்கினோம். இடுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் தண்ணீர் அதில் பீய்ச்சி அடித்தது. அவர் ஒரு இலையைக் கிள்ளிப் போட்டார். கண்ணில் படும் முன்னே அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்னொரு இலை போட்டார். அதுவும் அப்படியே. இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல விரல் நீள மீனு ஏறாது" என்றார் அவராகவே. பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப எப்படித்தாங்க வருது?" என்றார்.

மன்னிப்புக் கேட்கவில்லை அண்ணே. எனக்கு அது வேண்டியும் இருக்கவில்லை. நான் வலையின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். இருட்டும் வரைக்கும் பார்த்தோம். கெண்டை கிடைத்தது, ஆரால் கிடைத்தது, மடவை ஒன்றுகூட இல்லை. அடுத்த சனிக்கிழமையும் வரலாமா என்று கேட்டார். காலையிலேயே வாங்க, வெயிலுக்கு முன்னால் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்றேன்.

தங்கை,
டார்லின்